யாம் தெரிந்தெடுத்த பதினொருவர்

பந்தைத் தொடாமலே பந்தாடுவோர் இந்நாளிற் பலர். களத்தில் ஆடும் வீரருள் தமக்குப் பிடித்தவரைத் தெரிந்தெடுத்து, ஏட்டளவில் ஓர் அணியை அமைத்துக்கொண்டு, அவ்வீரர்கள் மெய்யான ஆட்டத்தில் அடிக்கும் கோலைத் தாமே அடித்ததாகக் கணக்கிட்டு மகிழ்வது இவர்தம் விளையாட்டு. மேனாட்டிலே தோன்றிய இக் கற்பனை ஆட்டம் கைப்பேசியின் வழியே நம் நாட்டிலும் பரவிற்று. பணம் வைத்து ஆடும் வகையை 2025-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம் தடுத்துவிட்டது. அதைப்பற்றி ஈண்டுப் பேச்சில்லை. யான் எழுதப் புகுவது ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தைப் பற்றியும், அதில் மூவர் எழுதிய பெயர்களைப் பற்றியுமே.

மூவராவார் யானும், என் சிற்றப்பா மகனாகிய தம்பியும், எங்கள் தெருவில் உடன் வளர்ந்த நண்பனொருவனும். இடம் ஸ்ரீவைகுண்டத்து அணைக்கட்டின் அருகே நாங்கள் மாலைதோறும் அமரும் கற்படி. காலம் 2024 அக்டோபர். அம் மாதம் 13, 14-ஆம் நாட்களிற் புதுடில்லியில் ஹாக்கி இந்தியா லீக் என்னும் போட்டிக்கு ஆடவர் ஏலம் நடைபெற்றது. 2013-இல் தொடங்கி, 2017-க்குப் பின் நின்றுபோன அப் போட்டி மீண்டும் உயிர்பெற்ற நேரம் அது. எட்டு அணிகள் ஏலத்தில் அமர்ந்தன, ஒவ்வொன்றுக்கும் ரூ. 4 கோடி வரம்பு, அணியொன்றுக்கு இருபத்துநால்வர், அவருள் எண்மர் வெளிநாட்டினர். நம் மாநிலத்தின் பெயரால் தமிழ்நாடு டிராகன்ஸ் என்னும் அணியும் இருந்தமையால் எங்கள் ஆர்வம் இருமடங்காயிற்று.

ஏலம் முடிந்த மறுநாள் எங்கள் ஏலம் தொடங்கியது. புதுடில்லியில் ஒரு வீரன் என்ன விலைக்குப் போனானோ அதுவே எமக்கும் விலை. எமக்கும் நான்கு கோடிதான் வரம்பு. முதலில் யார் எடுப்பது என்பதற்குப் புளியங்கொட்டை போட்டுப் பார்த்தோம். ஒரு சுற்றில் முதல்வனாய் எடுத்தவன் அடுத்த சுற்றிற் கடையனாய் எடுத்தல் வேண்டும். ஆளுக்குப் பதினொரு பெயர். வீரன் அடிக்கும் கோலொன்றுக்கு இரண்டு மதிப்பெண். பிறனொருவன் கோலடிக்கப் பந்தை எடுத்துக் கொடுத்தால் ஒன்று. இவ்வளவே விதி. நண்பன் மட்டும் ஒரு நிபந்தனை சேர்த்தான். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, ஏன் அவனைத் தெரிந்தெடுத்தோம் என்பதை ஒரே வரியில் அன்றே எழுதிவிடல் வேண்டும் என்றான். பின்னாளில் யாரும் கதையை மாற்றிச் சொல்லக்கூடாது என்பது அவன் கருத்து. அப்பொழுது அது வீண் வேலையாகத் தோன்றியது. இன்று அப் புத்தகத்தில் படிக்கத் தகுந்தது அந்த ஒரு வரிகள் மட்டுமே.

என் பக்கத்தை முதலிற் காட்டுகின்றேன். முதற்பெயர் ஹர்மன்பிரீத் சிங். ஏலத்தில் யாவரினும் மிகுதியாக ரூ. 78 லட்சம் பெற்றவர். எதிரே யான் எழுதிய காரணம்: ‘பாரிசிற் பத்துக் கோல்.’ அடுத்தவர் கொன்சாலோ பெய்யாட், ரூ. 68 லட்சம். முன்னர் அர்ஜென்டீனாவுக்கும் பின்னர் ஜெர்மனிக்கும் ஆடிய பெருவீரர். காரணம்: ‘பெனால்ட்டி கார்னர்.’ மூன்றாமவர் நெதர்லாந்தின் யிப் யான்சன், ரூ. 54 லட்சம்; காரணம் மீண்டும் ‘பெனால்ட்டி கார்னர்.’ ஆக, நான்கு கோடியில் சரிபாதியை ஒரே தொழில் செய்யும் மூவர்க்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் மூன்று வெவ்வேறு அணிகளில் ஆடுபவராதலின் நோட்டுக் கணக்குக்கு அது சாமர்த்தியமே. மெய்யான ஓர் அணிக்கோ, ஒருவன் அடிக்க இருவர் நின்று பார்க்கும் கூத்தாயிருக்கும். இவ் வேறுபாட்டை அன்று யான் நினைத்தும் பார்த்திலேன்.

நண்பன் ஹார்திக் சிங்கை எடுத்தான். தம்பி அபிஷேக்கை எடுத்தான். இருவரும் எழுபது லட்சத்தையொட்டிய விலையினர். பின்னும் சில சுற்றுச் சென்றபின், தம்பி ஜுக்ராஜ் சிங் என்னும் பெயரை எழுதினான். ரூ. 48 லட்சத்துக்குப் பங்காள அணி எடுத்த வீரர் அவர். பாரிஸ் ஒலிம்பிக்குக்கு மாற்றுவீரராய் மட்டும் சென்றவராதலின் யானும் நண்பனும் அவரைக் கடந்து போயிருந்தோம். தம்பி எழுதிய காரணம் இன்றும் சிரிப்பூட்டும்: ‘கையில் உள்ள பணத்துக்குச் சரியாக வருகிறார்.’

போட்டி 2025 பிப்ரவரி 1-ஆம் நாள் ரூர்கேலாவில் முடிந்தது. பங்காள அணி ஐதராபாத் அணியை 4-3 என வென்றது. அந் நான்கில் மூன்று ஜுக்ராஜ் அடித்தவை. தொடர் முழுவதிலும் பன்னிரண்டு கோலடித்து அவரே தலைநின்றார். தமிழ்நாட்டு அணிக்கு நான்காம் இடம். எங்கள் மூவருள் தம்பி முதல்வன். அவன் அன்று மாலை அணைக்கட்டுப் படியில் அமர்ந்து, ஜுக்ராஜின் மணிக்கட்டு வலிமையையும் அவர் பந்தை இழுத்தெறியும் வேகத்தையும் ஏலத்தன்றே தான் உய்த்துணர்ந்ததாக ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினான். நண்பன் ஒன்றும் பேசாமல் நோட்டைத் திறந்து அந்த வரியின்மேல் விரலை வைத்தான்.

திரும்பிப் பார்த்தல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் தம்பியின் சொற்பொழிவே. விளைவு தெரிந்தபின் அவ் விளைவுக்குப் பொருந்துமாறு அன்றைய அறிவை நாம் திருத்தி எழுதிக்கொள்ளுகின்றோம். வென்றவன் தன் அதிர்ஷ்டத்தை அறிவென்கின்றான். தோற்றவன் தன் அறியாமையைத் தீயூழ் என்கின்றான். யானும் அவ்வாறே ‘ஜுக்ராஜை எடுத்திருத்தல் வேண்டும்’ என்று சில நாள் புலம்பினேன். அப் புலம்பலாற் பயனென்ன? அடுத்த ஏலத்தில் ஜுக்ராஜை எடுக்கலாம் என்பதன்றி வேறு பாடம் அதில் இல்லை. அதற்குள் அவர் விலையும் ஏறியிருக்கும். இன்னார் இத்தனை கோலடிப்பார் என்பது ஏலத்தன்று ஒருவருக்கும் தெரிந்ததன்று. தெரியாததை அறியாமற் போனது பிழையாகாது. பிழை, அன்றே தெரிந்திருந்ததை மதியாமற் போனதில் உளது. அதைத் தேடி அந் நோட்டைப் பின்னொரு நாள் யான் தனியே படித்தேன்.

முதலிற் கண்ணிற் பட்டது கோல்கீப்பர்களின் இடம். மூவர் பக்கத்திலும் கோல்கீப்பரின் பெயர் பதினோராவதாக, அதாவது கடைசியாகவே இருந்தது. எதிரே எழுதிய காரணமும் ஏறக்குறைய ஒன்றே: ‘மலிவு.’ அயர்லாந்தின் டேவிட் ஹார்ட் ரூ. 32 லட்சத்துக்குத் தமிழ்நாட்டு அணிக்கு வந்தவர். உலகின் சிறந்த கோல்கீப்பர் என்னும் விருதை இருமுறை பெற்றவர். அவரை எங்களுள் ஒருவரும் தொடவில்லை. ஏன்? எங்கள் விதியில் கோலடித்தாற்கு மதிப்பெண் உண்டு. கோலைத் தடுத்தாற்கு இல்லை. தடுத்ததை எவ்வாறு எண்ணுவதென்று தெரியாமையால் அதை எண்ணாமல் விட்டோம். எண்ணாமல் விட்டதைப் பின்னர் மதிப்பில்லாதது என்றே நம்பிவிட்டோம். கணக்கில் ஒரு பத்தி கீறப்படாமையால் ஒரு தொழிலே மறைந்துபோயிற்று.

இத்தனைக்கும் அவ்வாண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் பாரிசில் நிகழ்ந்ததை மூவரும் ஒரே வீட்டில் அமர்ந்து பார்த்திருந்தோம். கிரேட் பிரிட்டனுடன் கால் இறுதி. பதினேழாம் நிமிடத்தில் அமித் ரோகிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். எஞ்சிய நேரமெல்லாம் இந்திய அணி பத்துப்பேருடன் ஆடிற்று. ஆட்டம் 1-1 என முடிந்து, ஷூட்-அவுட்டில் 4-2 என நம்மவர் வென்றனர். அன்று கோலின் முன் நின்ற ஸ்ரீஜேஷை அண்டை வீட்டார் கேட்கும்படி வாழ்த்திக் கத்தியவன் யான். இரண்டரை மாதத்திற்குள், நோட்டும் பேனாவும் கையில் வந்தவுடன், கோல்கீப்பர் என்றால் மலிவு என்று எழுதியவனும் யானே.

ரோகிதாஸின் கதியும் அத்தகையதே. அவர் பின்னணியில் நின்று காப்பவர். பெனால்ட்டி கார்னரின்போது எதிரியின் பந்தை நோக்கி நேரே பாய்ந்தோடும் துணிவு மிக்கவர். அவ்வட்டையின் பயனாய் ஜெர்மனியுடன் நடந்த அரையிறுதியில் அவர் ஆடக் கூடவில்லை. நாம் 3-2 எனத் தோற்றோம். அவரையும் ரூ. 48 லட்சத்துக்குத் தமிழ்நாட்டு அணியினர் எடுத்தனர். எங்கள் நோட்டில் அவர் பெயர் எவன் பக்கத்திலும் இல்லை. ‘சிவப்பு அட்டைக்காரர்’ என்று சொல்லி மூவரும் சிரித்தது நினைவிருக்கின்றது. ஒருவருடைய நெடுங்கால உழைப்பை ஒரே நாளின் ஒரே நிமிடத்தால் அளந்தோம். அவரை எடுத்தவர் அவ்வாறு அளக்கவில்லை.

கோலெண்ணிக்கையே அளவாயின் என்ன நேரும் என்பதற்கு இப் போட்டியின் முதலாண்டே சான்று. 2013-இல் மிகுதியாகக் கோலடித்தவர் மும்பை அணியின் சந்தீப் சிங், பதினொரு கோல். அவ்வணி ஐந்தனுள் ஐந்தாவதாய் முடிந்தது. கோப்பை ராஞ்சி அணிக்குச் சென்றது. நோட்டு அணிக்குச் சந்தீப் பொன்னான தெரிவு. ஆயினும் அவர் ஒருவர் கோலடித்ததனால் அவ்வணி கடையிடத்தினின்றும் மேலேறவில்லை.

திரும்பிப் பார்த்தலே வேண்டாவென்று யான் சொல்ல வரவில்லை. அதைச் செவ்வையாகச் செய்தாரும் உளர். 1932-இல் லாஸ் ஏஞ்சலிஸ் செல்லும் அணிக்குத் தெரிவாட்டங்கள் நடந்தபோது, தியான் சந்துக்கு அவர் படைப்பிரிவு விடுப்புத் தரவில்லை. தெரிவாட்டத்தில் ஆடாதவரென்று அவரை ஒதுக்கியிருக்கலாம். கூட்டமைப்பினரோ 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் அவர் அடித்த பதினான்கு கோலை நினைந்து, தேர்வின்றியே சேர்த்துக்கொண்டனர். அன்று கையிலிருந்த அறிவை மதித்த செயல் அது. இன்னும் வியத்தகுவது 1936. பெர்லினில் ஜூலை 17-ஆம் நாள் ஜெர்மானியருடன் ஆடிய பயிற்சி ஆட்டத்தில் இந்திய அணி 4-1 எனத் தோற்றது. அணித்தலைவராயிருந்த தியான் சந்த், தோல்விக்குத் தரையையோ வானையோ குறை சொல்லி இருந்துவிடவில்லை. முன்னணியில் ஓர் இடம் குறையுடையது என்று கண்டு, இந்தியாவிலிருந்த தாரா என்பாரை வரவழைக்கச் செய்தார். அவர் வானூர்தியில் வந்து அரையிறுதிக்கு முன் சேர்ந்தார். ஆகஸ்டு 15-இல் அதே ஜெர்மானியர் 8-1 எனத் தோற்றனர். ‘எம் தெரிவு பிழை’ என்று போட்டி நடக்கும்போதே ஒப்புக்கொள்வதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! தம்பியின் சொற்பொழிவுக்கும் இதற்கும் உள்ள தொலைவை வாசகர் அளந்துகொள்க. தமிழ் மாணவனாகிய யான் ஒன்று சொல்லாமலிருக்க இயலாது. வள்ளுவர் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமும், அதனையடுத்துத் தெரிந்து வினையாடல் என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். ஆளைத் தெரிவது ஒன்று, அவனுக்குரிய வேலையை அறிந்து தருவது வேறொன்று என்பதை யான் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வெழுதியவுடன் மறந்துவிட்டேன்.

இதுவரை கூறியன யாவும் விளையாட்டு. ஹர்மன்பிரீத்துக்கோ ரோகிதாசுக்கோ ஸ்ரீவைகுண்டத்து நோட்டொன்றால் ஆவது ஒன்றுமில்லை. ஆனால் அந் நோட்டினால் ஒருவனுக்குத் தீங்கு விளைந்தது. அதைச் சொல்லவே இக் கட்டுரையை எழுத முன்வந்தேன்.

2025 மே மாதம், கோடை விடுமுறையில், எங்கள் பக்கத்துச் சிறுவர்களைக் கொண்டு ஓர் ஹாக்கி அணியை அமைத்து அண்டை ஊர்ப் பந்தயமொன்றுக்கு அனுப்புவதென்று பெரியவர்கள் தீர்மானித்தனர். ஹாக்கிக்குப் பெயர்போன கோவில்பட்டி எங்கள் மாவட்டத்திலேயே இருக்கின்றது. அங்குள்ள விளையாட்டு விடுதியிற் பயின்ற கார்த்தி செல்வம் 2022 ஆசியக் கோப்பையில், தம் முதல் ஆட்டத்திலேயே, பாகிஸ்தானுக்கு எதிராகக் கோலடித்தவர். ஆதலின் மட்டையைக் கையிலெடுக்கும் எங்கள் பக்கத்துச் சிறுவனுக்குக் கனவு காணத் தூரதேசம் போக வேண்டுவதில்லை. தெரிவு செய்வோர் மூவருள் ஒருவனாக என்னையும் நியமித்தார்கள். ‘கல்லூரியிற் படிக்கிறவன், ஹாக்கிக் கணக்கெல்லாம் வைத்திருக்கிறான்’ என்பதே என் தகுதி.

கணக்கு வைத்தேன். இரண்டு வாரப் பயிற்சியில் யார் எத்தனை கோல், யார் எத்தனை முறை பந்தை எடுத்துக் கொடுத்தான் என்று அதே நோட்டின் பின்பக்கங்களில் நாள்தோறும் குறித்தேன். பதினான்கு வயதுச் சிறுவனொருவன் இடப்பக்கப் பின்காவலில் நின்றான். ஒரு நாளும் தவறாமல் வந்தான். அண்ணனுடைய பழைய மட்டையைக் கைப்பிடியிற் சைக்கிள் ட்யூபைச் சுற்றி வைத்திருந்தான். அவன் பெயருக்கு எதிரே பதினான்கு நாளும் சுழி. களத்தோரம் நின்று பார்த்திருந்த முதியவரொருவர் ஒருநாள் என்னிடம், “தம்பி, அந்தப் பையன் பக்கம் பந்தே போகமாட்டேங்குதே, பாத்தீங்களா?” என்றார். யான் பார்த்தேன். அவன் ஆட்டத்திற் கலந்துகொள்ளவில்லை என்பதற்கு அதையே சான்றாகக் கொண்டேன். அவனிருக்கும் பக்கம் போனாற் பந்து பறிபோகும் என்று கண்டு எதிர்ப்பக்கத்தார் அனைவரும் வலப்பக்கமே ஓடினர் என்பதைத்தான் அப் பெரியவர் சொன்னார். பதினைந்து பெயரை எழுதி ஒட்டினோம். அவன் பெயர் அதில் இல்லை. மூவருள் ஒருவர் சற்றே தயங்கினார். யான் நோட்டைக் காட்டியதும் அவரும் அடங்கினார்.

அணி சென்றது, முதல் ஆட்டத்திலேயே ஐந்து கோல் வாங்கித் திரும்பிற்று. அவன் சென்றிருந்தால் அவ்வைந்தும் விழுந்திரா என்று யான் சொல்லேன். சொன்னால் மீண்டும் விளைவைக் கொண்டு தெரிவை அளந்த பிழைக்கே ஆளாவேன். பெருவெற்றி பெற்று வந்திருந்தாலும் என் பிழை பிழையே. பெரியவர் சொன்ன சொல் அன்றே என் காதில் விழுந்தது. அவன் ஆட்டம் அன்றே என் கண்முன் நிகழ்ந்தது. என் நோட்டில் அதற்குப் பத்தி இல்லை, அவ்வளவே. கற்பனை அணிக்கென்று கீறிய கோட்டை மெய்யான ஒரு சிறுவன்மேல் வைத்து இழுத்தேன்.

அப்போஸ்தலர் நடபடிகளின் முதலதிகாரத்தை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். யூதாசு நீங்கப் பதினொருவர் எஞ்சினர். குறைந்த ஓரிடத்துக்கு இருவரை நிறுத்திச் சீட்டுப் போட்டனர். சீட்டு மத்தியாவின் பேருக்கு விழுந்தது. நிறுத்தப்பட்ட மற்றொருவர் யுஸ்து என்னும் மறுபெயருடைய யோசேப்பு. அவரும் ஆதிமுதல் உடனிருந்தவரே. தெரிந்தெடுக்கப்படாத அன்று மாலை அவர் என்ன செய்தார், யாரோடு வீடு திரும்பினார் என்பது வேதத்தில் இல்லை. முன்னெல்லாம் மத்தியாவோடு அப் பகுதியைக் கடந்து விடுவேன். மே மாதத்துக்குப் பின் யுஸ்துவிடத்தில் என் மனம் நின்றுவிடுகின்றது. நம் கல்லூரியிலும் ஆண்டுதோறும் எத்தனையோ பட்டியல் ஒட்டப்படுகின்றன. விளையாட்டு அணி, நாடகக் குழு, பேச்சுப்போட்டி, பாடகர் குழு, இம் மலருக்கு வரும் கட்டுரைகளுங்கூட. ஒட்டிய பெயர்களைச் சில காலம் வைத்திருக்கின்றோம். விடுபட்ட பெயர்களையும், விட்டதன் காரணத்தை ஒரே வரியில் அன்றே எழுதியும், தெரிவு செய்வோர் வைத்துக்கொள்ளுதல் நலமென்பது என் துணிபு. ஓராண்டு கழித்து அவ்வரிகளைத் தாமே எடுத்துப் படிக்கட்டும். எம் நண்பனின் நிபந்தனையைப் போல், அது முதலில் வீண் வேலையாகத்தான் தோன்றும்.

அச் சிறுவனைச் சென்ற கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்தபின் ஆலய வாசலிற் கண்டேன். சற்று வளர்ந்திருந்தான். வரும் கோடைக்கும் அணி அமைக்கப் போகின்றோம், பயிற்சிக்கு வரவேண்டும் என்று சொன்னேன். சென்ற ஆண்டு யான் செய்தது தவறென்றும் சொன்னேன். அதைச் சொல்ல நா எழாமல் இருமுறை தொடங்கி நிறுத்தினேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் காலாற் சரளைக் கல்லைப் புரட்டிக்கொண்டு நின்றான். மட்டை இருக்கிறதா என்று கேட்டேன். சிற்றன்னையின் மகனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான்.

“வேறு மட்டைக்கு வழி செய்கிறேன், வருவாயா?” என்றேன்.

“பார்ப்போம் அண்ணே” என்று சொல்லிவிட்டு, தன் தாயார் நின்ற பக்கம் நடந்து போனான்.